ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்ப இன்னொரு கம்பெனியின் ஆய்வு டேட்டாவுக்கு நாங்கள் ஏன் காசு கட்ட வேண்டும்?

வாலிநோக்கம் பக்கம் உப்பளம். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்து மக்னீசியம் ஹைட்ராக்சைடு எடுக்கிறீர்கள். ஜெர்மனி பார்ட்டி 'லெட்டர் ஆஃப் ஆக்சஸ்' (இன்னொரு கம்பெனியின் ஆய்வு டேட்டாவைப் பயன்படுத்த அனுமதிக் கடிதம்) வாங்கச் சொல்லி ஒரு பெரிய தொகையைக் காட்டுகிறார். இதுதானே கேள்வி?

ராமநாதபுரத்தில் ஏற்றுமதிக் கோப்பு பார்ப்பதுதான் என் பிழைப்பு. காசு கட்டத்தான் வேண்டியிருக்கும். ஆனால் கேட்ட தொகையை அப்படியே கட்டிவிடாதீர்கள்.

முதலில், பதிவு தேவையா என்று பாருங்கள். ஒரு இறக்குமதியாளர் வருஷத்துக்கு 1 டன்னுக்குக் கீழே எடுத்தால் 'ரீச்' என்ற ஐரோப்பிய ரசாயனச் சட்டப் பதிவே வேண்டாம். வெயிலில் காய்ந்த உப்பு வேதிமாற்றம் செய்யாத இயற்கைப் பொருள் என்பதால் அதற்கும் வேண்டாம். மண்டபத்துக் கடற்பாசியில் எடுக்கும் அகார், கராகீனன் எல்லாம் பாலிமர் என்பதால் அவையும் தப்பித்துவிடும். நீங்கள் சுண்ணாம்பு சேர்த்து வேதிவினை நடத்துவதால் உப்புக்குக் கிடைக்கும் அந்த இயற்கைப் பொருள் வழி அடைபட்டுவிட்டது.

ஒரு பொருளுக்கு ஒரே கூட்டுப் பதிவு என்பது சட்டம். எல்லாருக்கும் முன்னால் நிற்கும் லீட் கம்பெனி டேட்டாவைத் தாக்கல் செய்யும், பின்னால் வருகிறவர்கள் பங்குத்தொகை கொடுத்து அதைச் சுட்டிக்காட்டிக்கொள்வார்கள். 'நாங்களே டெஸ்ட் எடுத்துக்கொள்கிறோம்' என்றும் சொல்ல முடியாது. எலி, முயல், மீன் போன்ற முதுகெலும்புள்ள உயிர்களில் ஒரு தடவை நடந்த ஆய்வைத் திரும்ப நடத்தக் கூடாது.

சரி, தொகைக்கு வருவோம். மண்டபம் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு வந்த கட்டணத் தாளில் ஒரே வரி, ஒரே தொகை. முதலாளி, "காசு கட்டுறதுக்கு முன்னாடி எதுக்குன்னு கேட்கக் கூடாதா?" என்றார். கேட்டோம். பிரித்து வந்த கணக்கில் எலிக்கு 90 நாள் அந்த ரசாயனத்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வும் இருந்தது. அது 100 டன்னிலிருந்துதான் தேவைப்படும். இவர்கள் அனுப்புவதோ 10 டன்னுக்குள். அந்த வரி அடிபட்டது.

உங்கள் டன் அளவுக்குத் தேவையான டேட்டாவுக்கு மட்டும்தான் நீங்கள் பங்கு கொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் 2016/9 என்ற அமலாக்க விதிப்படி ஆய்வுச் செலவு தனியாக, நிர்வாகச் செலவு தனியாக வரி வரியாகக் கேட்கலாம், அந்தக் கணக்கை அவர்கள் இலவசமாகத் தர வேண்டும். பின்னால் புதிதாக ஆள் சேர்ந்தால் உங்களுக்குத் திரும்ப வரும் பங்கு பற்றியும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை.

இன்னொன்று, தாக்கல் செய்து 12 வருஷம் தாண்டிய ஆய்வுச் சுருக்கங்களை ரீச் பதிவுக்கு மற்றவர்கள் பங்கு கொடுக்காமலே பயன்படுத்தலாம். 1000 டன்னுக்கு மேல் கையாண்ட பெரிய கம்பெனிகள் பதிவதற்கான கடைசித் தேதி 2010. அப்போது போன ஆய்வுகளுக்கு 2022-லேயே காலம் முடிந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு ஆய்வும் எந்த வருஷம் தாக்கலானது என்று கேளுங்கள். பதில் வர இழுத்தால் மெயில்களைப் பத்திரமாக வையுங்கள், ஹெல்சிங்கியில் உள்ள ஐரோப்பிய ரசாயன முகமையான இசிஎச்ஏ-விடம் தகராறு கொண்டுபோக அவைதான் ஆதாரம்.

அப்புறம், இங்கிருந்து நீங்கள் நேரடியாகப் பதிய முடியாது. அங்கே இறக்குமதியாளர் பதியலாம், அல்லது உங்கள் சார்பாக அங்கே பதியும் 'ஒன்லி ரெப்ரசென்டேட்டிவ்' ஒருவரை நீங்களே நியமிக்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பார்ட்டி மாறினாலும் பதிவு உங்களோடு இருக்கும்.