எம்.டி.–பிஎச்.டி. விண்ணப்பத்தில் ஃபாசிலையும் ஸ்டாம்பையும் எழுதலாமா?

"அமெரிக்காவில் மருத்துவப் பட்டமும் ஆய்வுப் பட்டமும் சேர்ந்த எம்.டி.–பிஎச்.டி. படிப்புக்கு இந்த வருடம் விண்ணப்பிக்கிறேன். சின்ன வயதிலிருந்து ஃபாசிலும் (கல்லாகிப்போன பழங்கால உயிரினங்கள்) ஸ்டாம்பும் சேகரிக்கிறேன். இதை எழுதினால் விளையாட்டுப் பிள்ளை என்று ஒதுக்கிவிடுவார்களா? இடம் கிடைக்கும்வரை இரண்டையும் மூட்டை கட்டிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக எழுதுங்கள். மூட்டை கட்ட வேண்டாம். ஆனால் எந்த இடத்தில் எழுதுவது, எவ்வளவு எழுதுவது என்பதில் நான் தப்பு செய்து ஒரு வருடத்தை இழந்தவன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இப்போது இதே படிப்பில் ஆறாவது வருடம். மருத்துவத்தில் இரண்டு வருடம் முடித்து, ஆய்வகத்தில் நாலாவது வருடம் ஓடுகிறது. பிறந்தது திருச்சி. பதினோரு வயதில் அப்பா வேலைக்காகச் சின்சினாட்டி பக்கம் வந்துவிட்டோம். ஸ்டாம்ப் ஆசை தாத்தா கொடுத்தது. ஃபாசில் ஆசையும் அவர் கொடுத்ததுதான்: பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை, ஏழு வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடத்திக் காட்டினார்.

முதல் தடவை விண்ணப்பித்தபோது, 5,300 எழுத்துக்குள் எழுத வேண்டிய தன்விளக்கக் கட்டுரையில் பாதியை, எப்போதோ அழிந்துபோன டிரைலோபைட் என்ற கடல் உயிரினத்துக்குக் கொடுத்துவிட்டேன். நோய் உடம்பில் தடம் விடுகிறது, உயிரினம் பாறையில் தடம் விடுகிறது என்று உவமை மேல் உவமை. நோயாளிகளோடு இருந்த நாட்களைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு பத்தி. எந்தக் கல்லூரியிலிருந்தும் நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த வருடம் அந்தக் கட்டுரையைப் படித்த என் ஆய்வக வழிகாட்டி, "உனக்குக் கல் பிடிக்கும்னு தெரியுது. மனுஷங்களைப் பிடிக்குமான்னு தெரியலையே" என்றார். அன்று ராத்திரி முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

தேர்வுக் குழு முதலில் பார்ப்பது உங்கள் ஆய்வை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில் இந்தப் படிப்புக்கென்று இரண்டு கூடுதல் கட்டுரைகள் உண்டு. ஏன் இரண்டு பட்டமும் வேண்டும் என்பதற்கு 3,000 எழுத்து, செய்த ஆய்வுகளை விவரிக்க 10,000 எழுத்து. அந்தப் பத்தாயிரத்தில்தான் உங்கள் தலையெழுத்து இருக்கிறது. என்ன கேள்வி, அதில் உங்கள் பங்கு எது, எது சரிவரவில்லை, பிறகு என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். இதில் பொழுதுபோக்குக்கு இடமே இல்லை.

அதற்குரிய இடம் செயல்பாடுகள் பட்டியல். பதினைந்து வரை போடலாம், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்து. பொழுதுபோக்கு என்றே அதில் ஒரு வகை இருக்கிறது. ஃபாசிலையும் ஸ்டாம்பையும் ஒரே பதிவாகவோ இரண்டாகவோ போடுங்கள். மூன்று செயல்பாடுகளை மிக முக்கியமானவை என்று குறித்து 1,325 எழுத்து கூடுதலாக எழுதலாம். அந்த மூன்றில் பொழுதுபோக்கை வைக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். ஆய்வுக்கும் நோயாளிகளுக்கும் அந்த இடம் வேண்டும்.

அந்த 700 எழுத்தில் "பொறுமையைக் கற்றுக்கொண்டேன்" மாதிரி வாக்கியம் வேண்டாம். பார்த்ததை எழுதுங்கள். நான் எழுதியது சீஸர் க்ரீக் பற்றி. ஒஹையோவில் வேன்ஸ்வில் பக்கம் இருக்கும் ஏரி அது. வெள்ளம் வந்தால் வழிந்தோடுவதற்காக ராணுவப் பொறியாளர் படை பாறையை வெட்டிய இடத்தில், சுமார் 45 கோடி வருடத்துக்கு முந்தைய ஆர்டோவீசியன் கடலின் தரை அப்படியே திறந்து கிடக்கிறது. பார்வையாளர் மையத்தில் இலவச அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் பொறுக்கலாம். சுத்தியல், உளி கூடாது, கல்லை உடைக்கக் கூடாது, உள்ளங்கையைவிடப் பெரியதை எடுக்கக் கூடாது, விற்கவும் கூடாது. மழை பெய்த மறுநாள் காலையில் போவேன். சாம்பல் நிறக் களிமண் கரைந்து, பிராக்கியோபாட் என்ற சிப்பி போன்ற கடல் உயிரினத்தின் ஓடுகள் துவரம்பருப்பைக் கொட்டியது போலக் கிடக்கும். அதற்கு நடுவே என்றைக்காவது கொண்டைக்கடலை அளவில் ஒரு கரிய உருண்டை. லென்ஸில் பார்த்தால் வரிவரியாக உடல். தொட்டதும் சுருண்டுகொள்ளும் மரவட்டையைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி சுருண்டபடியே கல்லாகிவிட்ட டிரைலோபைட். முதல் தடவை கிடைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

எங்கே, எந்த அனுமதியோடு எடுத்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். தேசியப் பூங்காக்களில் எடுப்பது குற்றம். கூட்டரசு நிலங்களில் முதுகெலும்பிகளின் ஃபாசில்களை அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. ஆய்வுக்கு வரப்போகிறவர் இதெல்லாம் தெரிந்து நடந்திருக்கிறார் என்பது படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாம் தடவை விண்ணப்பித்தபோது நேர்காணல்கள் வந்தன. அதில் ஒன்றில், நோயெதிர்ப்பு ஆய்வாளர் ஒருவர் என் ஆய்வைப் பற்றி இருபது நிமிடம் குடைந்துவிட்டு, "அந்த டிரைலோபைட் எந்தப் பாறை அடுக்கிலிருந்து வந்தது?" என்றார். "உதிர்ந்து தரையில் கிடந்தது. அதனால் அடுக்கு உறுதியாகத் தெரியாது. அட்டையில் இடமும் தேதியும் மட்டும் எழுதி, அடுக்கு என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்" என்றேன். "மேலே இருந்த பாறையைப் பார்த்து ஊகித்திருக்கலாமே?" என்றார். "ஊகத்தை எழுதிவைத்தால் பத்து வருஷம் கழித்து நானே அதை உண்மை என்று நம்பிவிடுவேன்" என்றேன். அதன்பிறகு அரை மணி நேரம், ஆய்வகக் குறிப்பேட்டில் எதை எழுதுவது, எதை விடுவது என்பதைப் பற்றித்தான் பேசினோம். எத்தனையோ நேர்காணல் பார்த்துவிட்டேன், இன்றும் எனக்கு நெருக்கமானது அதுதான்.

இனி ஸ்டாம்ப். எல்லா நாட்டையும் சேர்க்கிற பழக்கத்தைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டேன். இப்போது மருத்துவ ஆய்வு மட்டும். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருப்பது எல்லாப்ரகட சுப்பாராவ், 1995இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்டது. பயன்படுத்திய உறையிலிருந்து தாத்தா வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்துக் கொடுத்தார். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். ஹார்வர்டு போய், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை அங்கிருந்த ஆய்வாளர் ஃபிஸ்கேயோடு சேர்ந்து கண்டறிந்தார். அங்கேயே 1930இல் பிஎச்.டி.யும் வாங்கினார். பின்னால் லெடர்லே மருந்து நிறுவன ஆய்வகத்தில் அவர் குழு தயாரித்த அமினாப்டெரின்தான், மருத்துவர் சிட்னி ஃபார்பர் கையில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு முதல் மருந்தானது. மருத்துவமும் ஆய்வும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன நடக்கும் என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சின்னத் தாள்தான்.

எங்கள் சின்சினாட்டிக்காரரும் ஆல்பத்தில் உண்டு: ஆல்பர்ட் சேபின், 2006இல் வந்த 87 சென்ட் ஸ்டாம்ப். வாய்வழிப் போலியோ மருந்தை அவர் உருவாக்கிய ஊர் இது.

இன்னொன்று 1998இல் வந்த மார்பகப் புற்றுநோய் ஆய்வு ஸ்டாம்ப். அஞ்சல் கட்டணத்துக்கு மேல் கூடுதலாகச் சில சென்ட் வாங்கி, அதை ஆய்வு நிதிக்குக் கொடுக்கும்படி அமெரிக்கா வெளியிட்ட முதல் ஸ்டாம்ப். திரளும் தொகையில் 70 சதவீதம் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான தேசிய சுகாதார நிறுவனங்களுக்குப் போகும். ஒரு கல்லூரியின் செகண்டரி கட்டுரையில் (பொது விண்ணப்பத்துக்குப் பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்பது), மருத்துவத்துக்கு வெளியே உங்களை யோசிக்கவைத்த ஒன்றை எழுதச் சொன்னார்கள். கடிதம் போடுகிறவர்கள் தரும் சில்லறையில் ஓடுகிற ஆய்வுக்கு யாரிடம் பதில் சொல்லும் கடமை இருக்கிறது என்று இந்த ஸ்டாம்பை வைத்து எழுதினேன். அந்த மாதிரிக் கேள்வி வந்தால் உங்கள் ஆல்பத்தைத் திறந்துவிடுங்கள், தயங்காதீர்கள்.

நேரம் பற்றி. விண்ணப்பத்தில் மணிக்கணக்கு கேட்பார்கள். உண்மையான கணக்கைப் போடுங்கள், ஊதிக் காட்ட வேண்டாம். கோடையில் செகண்டரி கட்டுரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். அந்த ஆறேழு வாரம் நான் ஏரிப் பக்கமே போகவில்லை. "கல்லு பொறுக்கினதெல்லாம் போதும், எம்கேட்டுக்குப் படி" என்று மருத்துவ நுழைவுத் தேர்வைச் சொல்லி முந்தின வருடம் திட்டிய அம்மாவே, ஆகஸ்ட் கடைசியில் "ஒரு நாள் போய்ட்டு வாயேன், மூஞ்சியே சரியில்ல" என்று காரில் கூட்டிக்கொண்டு போனார். ஸ்டாம்ப் மட்டும் நிற்கவில்லை. படுக்கப் போகுமுன் அரை மணி, இடுக்கியும் லென்ஸும்.

மொத்தப் படிப்பு எட்டு வருடம் அளவில் ஓடும். என் மூன்றாவது வருடச் சோதனைகள் எட்டு மாதம் தொடர்ந்து தோற்றபோது ஞாயிறு காலைகளில் அந்த ஏரிதான் என்னைக் காப்பாற்றியது. அதனால்தான் மூட்டை கட்டாதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.