காசிமேட்டு மீனுக்கும் மலைப் பயணத்துக்கும் ஒரே கத்தி போதுமா? எந்த முனை நல்லது?

ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் டிராப் பாயிண்ட். முதுகு மெல்ல வளைந்து இறங்கி, முனை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் முடியும். முனையில் இரும்பு கனமாக இருப்பதால் சுள்ளி சீவும்போது சீக்கிரம் உடையாது. அலகு 9–10 செ.மீ., முதுகின் தடிமன் 3 மி.மீ. தாராளம்.

கிளிப் பாயிண்டில் முதுகின் முன்பகுதி செதுக்கி எடுத்தது போல உள்வாங்கியிருக்கும். முனை ஊசிதான், சங்கரா வயிற்றைக் கீற அருமை. அதே முனையால் டப்பா மூடியை நெம்பினால் போச்சு, கத்தியைத் திட்டிப் பயனில்லை.

வலைக்கயிறு அறுக்க ஷீப்ஸ்ஃபுட். கூர்ப்பக்கம் நேராக இருக்கும், குத்தும் முனை கிடையாது. ஆடுகிற படகில் கை தவறினாலும் குத்தாது. டாண்டோவின் முனை உளி போலக் கோணமாக வெட்டியிருக்கும், பார்க்க மிரட்டும். வெங்காயம் நறுக்க லாயக்கில்லை.

பெரிய வஞ்சிரத்தைத் துண்டு போட இவை எதுவும் வேண்டாம். நடுமுள்ளை வெட்ட அருவாமனையோ கனமான வெட்டுக்கத்தியோதான் சரி.

வடிவத்தைவிடச் சாணை பிடிக்கும் கோணம் முக்கியம். சமையலுக்கு அலகின் ஒவ்வொரு பக்கமும் 15 டிகிரி, வெளிவேலைக்கு 20. விறகில் 15 டிகிரிக் கூர் சட்டென்று மடங்கும்.

ராயபுரம் பக்கத்து உப்புக்காற்றில் கார்பன் ஸ்டீல் சீக்கிரமே துருப்பிடிக்கும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். முடியாதென்றால் ஸ்டெயின்லெஸ் வாங்கிவிடுங்கள். மீனுக்கு மடக்குக்கத்தி வேண்டாம்: செதிலும் ரத்தமும் கீலுக்குள் தங்கி நாறும்.