ரிக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே: சவுண்டு கார்டு கேள்வி பதில்

டிஜிட்டல் ஹாமில், அதாவது ரிக் என்னும் அமெச்சூர் ரேடியோ கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்துச் செய்தியும் படமும் அனுப்புவதில், வரும் தொல்லைகளில் பெரும்பகுதி ஆடியோ போய்வரும் பாதையில்தான் கிடக்கிறது. கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: ஒரு நேரத்தில் ஒரு அமைப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். நாலைந்தை ஒன்றாகத் திருப்பிவிட்டால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்றே தெரியாது.

கேள்வி: சார், ரிக் ஸ்பீக்கரில் எஃப்டி8 சத்தம் நன்றாகக் கேட்கிறது. ஆனால் வாட்டர்ஃபாலில் ஒன்றுமே வரவில்லை. நேற்று வரை ஓடிக்கொண்டிருந்தது.

(புதியவர்களுக்கு: எஃப்டி8 என்பது சிறு செய்திகளை டோன்களாக அனுப்பும் டிஜிட்டல் முறை. வாட்டர்ஃபால், வரும் சிக்னல்களை மென்பொருள் திரையில் கோடுகளாக ஓடவிட்டுக் காட்டும் பகுதி.) நேற்று வரை ஓடியது என்றால் ஒயரை அறுத்துப் பார்க்க வேண்டாம். யூஎஸ்பி கேபிளை வேறு போர்ட்டில் மாற்றிச் செருகினீர்களா? விண்டோஸ் அதைப் புது சாதனமாக எடுத்துக்கொண்டு, பெயருக்கு முன்னால் ஒரு எண்ணைச் சேர்த்துவிடும். மென்பொருளோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். ஆடியோ பக்கத்தில் போய் மறுபடி தேர்ந்தெடுங்கள்.

அதுவும் இல்லையென்றால் பிரைவசி அமைப்பில் மைக்ரோஃபோன் அனுமதியைப் பாருங்கள். ரிக்கிலிருந்து உள்ளே வரும் ஆடியோவும் விண்டோஸ் கணக்கில் மைக்ரோஃபோன்தான். அந்த அனுமதி அணைந்திருந்தால் எந்த மென்பொருளுக்கும் சத்தம் போய்ச் சேராது.

எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, சவுண்டு அமைப்பின் ரெக்கார்டிங் பகுதியைத் திறந்து அந்தச் சாதனத்தின் பச்சை மீட்டரைக் கவனியுங்கள். ரிக்கின் இரைச்சலுக்கு அது ஆடினால், விண்டோஸ் வரை ஆடியோ வந்துவிட்டது. இனி மென்பொருளை மட்டும் பார்த்தால் போதும். ஆடவில்லை என்றால் கேபிள், டிரைவர் அல்லது ரிக்கின் மெனு.

கேள்வி: எனக்கு வாட்டர்ஃபால் நிறைய சிக்னல் இருக்கிறது, டீகோட் மட்டும் ஒன்றுகூட இல்லை.

முதலில் கடிகாரம். எஃப்டி8 15 விநாடிக் கட்டங்களில் ஓடுகிறது. உங்கள் கம்ப்யூட்டர் நேரம் இரண்டு மூன்று விநாடி தள்ளியிருந்தால் கண்ணெதிரே சிக்னல் ஓடும், எழுத்தாக மாறாது. டீகோட் கொஞ்சமாவது வரும்போது டிடி (விநாடியில் நேர வித்தியாசம்) என்ற பத்தியைப் பாருங்கள். எல்லா நிலையங்களுக்கும் ஒரே மாதிரி 1.2, 1.3 என்று காட்டினால் தவறு உங்கள் பக்கம்தான்.

கடிகாரம் சரியென்றால், அடுத்து லெவல். எஃப்டி8 ஓட்டும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளின் மீட்டர், சிக்னல் இல்லாத வெறும் இரைச்சலில் 30 டிபி பக்கம் நிற்க வேண்டும். எப்போதும் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றால் ஆடியோ வெட்டுப்பட்டு வருகிறது என்று பொருள். மைக்ரோஃபோன் பூஸ்ட் இருந்தால் பூஜ்யமாக்குங்கள். நாய்ஸ் சப்ரஷன், என்ஹான்ஸ்மென்ட் எல்லாவற்றையும் அணையுங்கள். அவை பேச்சுக்காகச் செய்தவை. விடாமல் ஒலிக்கும் மெல்லிய டோன்களை இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும். சாம்பிள் ரேட் 48000, 16 பிட். ரிக்கிலும் நாய்ஸ் பிளாங்கர், நாய்ஸ் ரிடக்ஷன் இரண்டும் வேண்டாம்.

கேள்வி: அண்ணா, ஏஎல்சி நன்றாக ஏறினால்தான் எனக்கு முழு பவர் வருகிறது. ஆனால் ஒருவர் என்னை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் பார்த்ததாகச் சொல்கிறார்.

அவர் சொல்வது சரிதான் தம்பி. ஏஎல்சி என்பது உள்ளே வரும் ஆடியோ மிஞ்சும்போது ரிக் தானே அடக்கும் ஏற்பாடு. தயவுசெய்து இதை இன்றைக்கே சரிசெய்யுங்கள், ஏனென்றால் கெடுவது அடுத்தவரின் இடம்.

நீங்கள் வாட்டர்ஃபாலில் 700 ஹெர்ட்ஸில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். ஆடியோ லெவல் மிஞ்சினால் சவுண்டு கார்டின் வெளியீட்டிலோ ரிக்கின் உள்ளீட்டிலோ அலையின் தலை தட்டையாகிறது. உடனே 1400, 2100 ஹெர்ட்ஸிலும் உங்கள் சிக்னலின் நகல் பிறக்கிறது. மூன்றுமே ரிக்கின் ஃபில்டருக்குள் அடங்குவதால் மூன்றும் ஆன்டெனாவுக்குப் போகின்றன. ஒரு எஃப்டி8 சிக்னலுக்கு 50 ஹெர்ட்ஸ் போதும். நீங்கள் மூன்று பேரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறீர்கள்.

ரிக்கில் பவரை வேண்டிய அளவில் வைத்துவிட்டு, ஆடியோவைக் கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஏஎல்சி மீட்டர் அசையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு சிட்டிகை குறையுங்கள். சில ரிக்குகளில் ஏஎல்சி கொஞ்சம் அசைவதுதான் இயல்பு, கையேட்டில் எழுதியிருப்பார்கள். ஸ்பீச் பிராசஸர் கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும். பேண்டு மாற்றினால் லெவலும் மாறும், மறுபடி பாருங்கள்.

அப்புறம், டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் ஸ்பிளிட் அமைப்பில் ஃபேக் இட் என்று ஒன்று இருக்கிறது. அது ஒலிபரப்பும்போது ரிக்கின் டயலைத் தேவையான அளவு நகர்த்தி, ஆடியோ டோனை 1500-க்கும் 2000-க்கும் இடையில் வைத்துக்கொள்ளும். அப்போது இரண்டாம் மடங்கு 3000 ஹெர்ட்ஸுக்கு மேலே போய் ஃபில்டரில் பெரும்பாலும் அடிபட்டுவிடும். ரிக்கைக் கேபிளால் கட்டுப்படுத்தும் வசதி உள்ள எல்லாரும் இதைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் லெவலைக் குறைக்காமல் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: பிடிடி (ஒலிபரப்பு சுவிட்ச்) விழுகிறது, பவர் பூஜ்யம்.

ரிக் இன்னும் மைக்கிலிருந்து ஆடியோவை எதிர்பார்க்கிறது. டேட்டா மோடுக்கு மாற்றி, மாடுலேஷன் மூலம் யூஎஸ்பி என்று மெனுவில் வையுங்கள். விண்டோஸ் வால்யூம் மிக்சரில் அந்த மென்பொருள் மட்டும் மியூட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: மின்னஞ்சல் வரும் மணிச் சத்தம் என் சிக்னலோடு சேர்ந்து போகிறது. எப்படித் தடுப்பது?

ரிக்கின் யூஎஸ்பி ஆடியோ டிஃபால்ட் சாதனமாக உட்கார்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை டிஃபால்ட் ஆக்குங்கள், சவுண்டு ஸ்கீமில் ஒலிகள் வேண்டாம் என்று கொடுங்கள். வாக்ஸ் (சத்தம் வந்தாலே ரிக் தானாக ஒலிபரப்பத் தொடங்கும் வசதி) வைத்து ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அந்த மணியே ரிக்கை ஒலிபரப்ப வைத்துவிடும்.

கேள்வி: 10 வாட்டில் எல்லாம் சரி. 80 வாட் போனால் மவுஸ் உறைகிறது, சவுண்டு கார்டு காணாமல் போகிறது.

ஆர்எஃப், அதாவது உங்கள் ஒலிபரப்பின் ரேடியோ ஆற்றல், யூஎஸ்பி கேபிளின் மேலுறை வழியே உள்ளே வருகிறது. ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடு (பவரை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும் தடை) மாட்டி அதே 80 வாட்டில் ஓட்டுங்கள். தொல்லை நின்றால் சந்தேகமே இல்லை.

மருந்து ஃபெரைட், அதாவது கேபிளில் ஏறும் ஆர்எஃப்பைத் தடுக்கும் காந்தப் பீங்கான் வளையம். எச்எஃப் (சிற்றலை) பேண்டுகளுக்கு மிக்ஸ் 31 என்ற வகை நன்றாக வேலை செய்யும். கேபிளின் மேல் ஒன்றைக் கவ்வவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். கேபிளை வளையத்துக்குள் சுற்றும்போது தடை ஏறத்தாழச் சுற்றுகளின் வர்க்கமாகக் கூடும். ஐந்து சுற்று என்றால் ஒரு சுற்றைப் போல 25 மடங்கு. யூஎஸ்பி கேபிளைக் குட்டையானதாக மாற்றுங்கள். ஆன்டெனா ஃபீட் பாயின்டில் (கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடம்) ஒரு சோக் (இதே போன்ற தடுப்பு) போடுவதுதான் நிரந்தரத் தீர்வு, ஏனென்றால் அந்த மின்னோட்டம் அங்கிருந்துதான் கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) வழியே ஷேக்குக்குள் (ரேடியோ அறை) நடந்து வருகிறது.

கேள்வி: பழைய ரிக். லேப்டாப் ஹெட்ஃபோன் துளையிலிருந்து நேராக மைக் சாக்கெட்டுக்கு ஒயர் கொடுத்தேன். ஒரே ஹம், குரலும் கிழிகிறது.

இரண்டு தனித்தனி நோய். ஹெட்ஃபோன் வெளியீடு வோல்ட் அளவில், மைக் கேட்பது மில்லிவோல்ட்டில். வரிசையில் 10 கிலோ ஓம், மைக்குக்குக் குறுக்கே 100 ஓம் வைத்தால் ஏறத்தாழ நூற்றில் ஒன்றாகக் குறையும். கிழிசல் அதோடு போகும். ஹம், இரண்டு கருவிகளின் தரையும் (கிரவுண்டு) ஒயர் வழியே வளையமாகச் சேர்வதால் வருவது. 600 ஓம் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட்டு, அதன் இருபுறத் தரைகளையும் சேர்க்காமல் விடுங்கள். மைக் சாக்கெட்டில் டிசி வோல்ட் இருந்தால் ஒரு கெப்பாசிட்டரால் அதைத் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டிவி (ரேடியோவில் நிலைப்படம் அனுப்பும் முறை) படம் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தே வருகிறது.

உங்கள் சவுண்டு கார்டின் கடிகாரம் சொன்ன வேகத்தில் ஓடவில்லை. மார்ட்டின் 1 என்ற எஸ்எஸ்டிவி வகையில் படம் வந்து முடிய 114 விநாடி. பத்து லட்சத்தில் 100 பங்கு பிசகினால்கூட கடைசி வரி 11 மில்லிவிநாடி தள்ளிப்போகும். 320 புள்ளி அகலத்தில் அது 25 புள்ளிச் சாய்வு. மென்பொருளில் ஸ்லான்ட் திருத்தம் இருக்கும். துல்லியமான நேர சிக்னல் நிலையத்தை வைத்து ஒருமுறை அளவு பார்த்து, அந்த எண்ணைச் சேமித்துவிடுங்கள். சவுண்டு கார்டை மாற்றினால் எண்ணும் மாறும்.