டெல்லியா, கோட்டையா? மனுவை எங்கே கொடுப்பது?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் ஊருக்குள் வர ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதைதான் வழி. அரை மணி நேரம் மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர். ரயில்வேயைக் கேட்டால் நெடுஞ்சாலைத் துறையைப் பாருங்கள் என்கிறார்கள், அவர்கள் ஊராட்சியைக் கைகாட்டுகிறார்கள். பெயர்ப் பிழையால் மனைவியின் பி.எஃப். பணம் நிற்கிறது, கலெக்டரிடம் மனு கொடுத்தும் நடக்கவில்லை. தம்பியின் பாஸ்போர்ட் போலீஸ் விசாரணையிலேயே கிடக்கிறது. எது மத்திய அரசு, எது மாநில அரசு என்று ஒரு பட்டியல் தர முடியுமா?"

பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள்: ரயில்வே, பாதுகாப்பு, வெளியுறவு, தேசிய நெடுஞ்சாலை எல்லாம் ஒன்றியப் பட்டியல், போலீஸ், நிலம், உள்ளாட்சி, பொது சுகாதாரம் மாநிலப் பட்டியல், கல்வி, காடு, குற்றவியல் சட்டம், தொழிலாளர் நலன் போன்றவை இரண்டு பேரும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியல். மூன்றிலும் இல்லாத புது விஷயம் எதுவானாலும் டெல்லிக்குத்தான் போகும். (கல்வியும் காடும் முதலில் மாநிலத்திடம்தான் இருந்தன, 1976-ல் நெருக்கடி நிலையின்போது 42-வது திருத்தம் போட்டு நகர்த்திவிட்டார்கள்.)

ஆனால் இதை மனப்பாடம் செய்தாலும் உங்கள் மனு நகராது. ஒரு விஷயத்தில் சட்டம் போடும் அதிகாரம் யாருக்கு என்பதைத்தான் அட்டவணை சொல்கிறது. கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்ப்பது யார் என்பது வேறு கேள்வி, நம் நாட்டில் இந்த இரண்டும் பல இடங்களில் ஒன்றாக இருப்பதில்லை. டிரைவிங் லைசென்ஸையே பாருங்கள்: 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் நாடாளுமன்றம் போட்டது, லைசென்ஸ் கொடுக்கிற ஆர்.டி.ஓ. மாநில அரசு ஊழியர். பொதுப் பட்டியலில் இருக்கும் விஷயங்களில் டெல்லி சட்டம் போட்டாலும், அந்தச் சட்டமே வேறு மாதிரி சொல்லாதவரை, நிறைவேற்றுவது மாநில நிர்வாகம்தான். அதனால் எந்தப் பிரச்சினையானாலும் நான் மூன்றாக உடைத்துப் பார்ப்பேன்: சட்டம் யாருடையது, பணம் யாருடையது, வேலை பார்க்கும் கை யாருடையது? மனு அந்தக் கைக்குத்தான் போக வேண்டும்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம்.

பி.எஃப். சுலபம். சட்டம், அலுவலகம், ஊழியர் மூன்றுமே ஒன்றிய அரசு. கலெக்டர் என்னதான் நல்லவராக இருந்தாலும் அவரால் அதைப் பார்த்து அனுப்பத்தான் முடியும். வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தின் இணையப் புகார்ப் பகுதியில் போடுங்கள், அதற்கும் அசையாவிட்டால் சிபிகிராம்ஸ் என்ற ஒன்றிய அரசின் குறைதீர்ப்புத் தளம். பெயர்த் திருத்தத்துக்குப் பழைய நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படலாம், பாதிப் பேர் மாட்டிக்கொள்வது அங்கேதான், அதை முதலில் பாருங்கள். பட்டா, வாரிசுச் சான்று என்றால் நேர் எதிர்: முழுக்க மாநிலம். திங்கட்கிழமை மனுநாளுக்கே போகலாம், முதலமைச்சர் உதவி எண்ணான 1100-க்கும் போன் செய்யலாம்.

பாஸ்போர்ட் கொடுப்பது வெளியுறவு அமைச்சகம். விசாரிப்பது மாநிலப் போலீஸ். இணையதளத்தில் தம்பியின் விண்ணப்ப நிலையைப் பாருங்கள். போலீஸ் அறிக்கை இன்னும் வரவில்லை என்று காட்டினால் உள்ளூர் ஸ்டேஷன், அப்புறம் எஸ்.பி. அலுவலகம். அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது என்றால் மண்டல பாஸ்போர்ட் அலுவலகம்.

இனி சுரங்கப்பாதை. மூன்று பேர் கைகாட்டினார்கள் என்கிறீர்களே, மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, அதுதான் இதில் வேடிக்கை. தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் கான்கிரீட் பெட்டி ரயில்வேயுடையது. இரண்டு பக்கமும் இறங்கி ஏறும் அணுகுசாலை, அந்தச் சாலை யாருடையதோ அவர்களுடையது. இறைத்த தண்ணீர் போய்ச் சேர வேண்டிய வாய்க்கால் உள்ளாட்சியுடையதாகவோ நீர்வளத் துறையுடையதாகவோ இருக்கும். ரயில்வே மேம்பாலங்கள் பல, நடுவில் பாலம் நிற்க இரண்டு முனையும் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே பங்காளிக் கணக்குதான்: நடுப்பகுதியை ரயில்வே முடித்துவிடும், அணுகுசாலைக்கு நிலம் எடுப்பதில் மாநிலம் தேங்கி நிற்கும்.

சாலை யாருடையது என்று தெரிய மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லை என்றால் பெரும்பாலும் ஒன்றியச் சாலை அல்லது ஊராட்சிச் சாலை. (இந்த 'ஒன்றியம்' பி.டி.ஓ. ஆபீஸ் ஒன்றியம், டெல்லி அல்ல.)

இதற்கு மறுபடியும் குறைதீர் மனு போடாதீர்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான். "இந்தச் சுரங்கப்பாதை கட்டும்போது ரயில்வேக்கும் மாநிலத் துறைக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் நகல் வேண்டும், நீர் வெளியேற்றும் பொறுப்பும் மோட்டார் பராமரிப்பும் யாருக்கு என்ற பகுதியுடன்" என்று ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். தகவல் வேறு துறையிடம் இருந்தால், மனுவை 5 நாளுக்குள் அவர்களே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும் என்கிறது சட்டத்தின் 6(3) பிரிவு. 'எங்களுடையது இல்லை' என்று கையை விரிக்க முடியாது. ஒரே மனுவில் நாலு துறை விஷயத்தைத் திணிக்காதீர்கள், அதைச் சாக்காக வைத்து மடக்கிவிடுவார்கள்.

நகல் கைக்கு வந்த பிறகு எம்.பி.யையும் எம்.எல்.ஏ.வையும் பாருங்கள். ரயில்வே பங்கு என்றால் எம்.பி., சாலைப் பங்கு என்றால் எம்.எல்.ஏ. தாள் இல்லாமல் போனால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள்.

இன்னொரு வரியும் எழுதியிருந்தீர்கள்: மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் எது செல்லும்? பொதுப் பட்டியல் விஷயம் என்றால் மத்தியச் சட்டம்தான். ஒரே விதிவிலக்கு, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் செல்லும். 2017-ல் ஜல்லிக்கட்டு திரும்பி வந்தது இந்தக் கதவு வழியாகத்தான், மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு மாநிலம் கொண்டுவந்த திருத்தத்தை 2023-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. நீட் விலக்கு மசோதாவுக்கு அதே கதவு திறக்கவில்லை. ஆகவே மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று யாராவது சொன்னால், ஒப்புதல் வந்ததா என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. சுரங்கப்பாதைச் சுவரில் ரயில்வே பெயின்டில் ஒரு பால எண் எழுதியிருக்கும். மனுவில் ஊர்ப் பெயரோடு அந்த எண்ணையும் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் ஏறிவிட்டால் அந்த எண்ணும் உள்ளே போய்விடும்.