பார்ஜ் மோதினால் ரயில் பாலம் என்னாகும்? வாசகர் கேள்விகள்

கே: மெதுவாக மிதந்து போகும் பார்ஜ் ரயில் பாலத்தையே அசைத்துவிடுமா சார்? (பென்னாகரம்)

ப: ஒகேனக்கல் பரிசலை நினைத்துக் கேட்கிறீர்கள் போல. பார்ஜ் என்பது சரக்கு ஏற்றும் பெரிய தட்டைப் படகு. மிசிசிப்பி ஆற்றில் ஓடும் ஒரு பார்ஜ் சுமார் 1,500 டன் ஏற்றும். அதுபோல 15 பார்ஜ்களை ஒன்றாகக் கட்டி, பின்னாலிருந்து ஒரே படகு தள்ளிக்கொண்டு போகும். வேகம் குறைவுதான், ஆனால் பிரேக் கிடையாதே! அந்த எடை தூணில் மோதினால் பாலம் தாங்குவது கஷ்டம்.

கே: பாலம் நகர்ந்தால் சிக்னல் சிவப்பாகிவிடாதா? (மொரப்பூர்)

ப: ஆகும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். 1993 செப்டம்பர் 22, அமெரிக்காவின் அலபாமா. இரவு மூடுபனியில் வழிதவறிய ஒரு படகு, தான் தள்ளிவந்த பார்ஜ்களை பிக் பேயூ கேனோ ரயில் பாலத்தில் மோதவிட்டது. பாலம் ஒரு மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் நகர்ந்தது. படகுகளுக்கு வழிவிடத் திரும்பும் சுழலும் பாலமாகக் கட்டப்பட்ட அதை ஒருபோதும் சுழற்றியதில்லை. பக்கவாட்டில் நகராதபடி சரியாகப் பொருத்தவும் இல்லை. என்னைக் கேட்டால் பாதிக் குற்றம் அங்கேதான்.

தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் அறுபட்டால் சிக்னல் சிவப்பாகும். இங்கே தண்டவாளம் வளைந்ததே தவிர முறியவில்லை, அதனால் பச்சையே எரிந்தது. படகுக்காரர்களுக்கோ, மோதியது பாலம் என்றே தெரியாது. சுமார் எட்டு நிமிடத்தில் ஆம்ட்ராக் நிறுவனத்தின் பயணிகள் ரயில் வந்து விழுந்தது. 47 பேர் இறந்தார்கள்.

கே: இதற்குத் தடுப்பு என்ன? (ஓசூர்)

ப: தூணைச் சுற்றித் தடுப்புத் தூண்கள், பாறைக் குவியல். அதைவிட முக்கியம் தகவல். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் பால்டிமோர் சாலைப் பாலத்தில் கப்பல் மோதும் முன்பே எச்சரிக்கை வந்ததால் போலீசார் வண்டிகளை நிறுத்தினார்கள். பாலத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேரைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

கே: இந்தியாவில் நடந்ததுண்டா? (காரிமங்கலம்)

ப: உண்டு. 2013 ஜனவரியில் பாம்பன் ரயில் பாலத்தில் ஒரு பார்ஜ் மோதியது. அது கடல், ஆறு அல்ல.

கே: அப்படியானால் நம் தென்பெண்ணை ரயில் பாலத்துக்குப் பயமில்லையே? (ஊத்தங்கரை)

ப: பார்ஜ் வராது, சரி. ஆனால் வெள்ளம் வரும். தூணின் அடி மண்ணை அது அரித்துக்கொண்டு போவதுதான் நம் பக்கத்து ஆபத்து. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் ரயில் பாலம் இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாலத்தருகே மணல் அள்ளுவதைப் பார்த்தாலும், கரை சரிந்திருந்தாலும், பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டரிடமோ கேட்கீப்பரிடமோ உடனே சொல்லுங்கள், ரயில்வே உதவி எண் 139-க்கும் கூப்பிடலாம்.