மொத்தம் 9 என்றாலும் பத்தாவது கேள்வியே முக்கியம்

பிரசவமாகி ஆறு வாரமான உங்கள் மனைவி எடின்பரோ வினாத்தாளில் (பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டறியும் பத்துக் கேள்விகள்; மதிப்பெண் கூடினால் கவலையும் கூடும்) 9 மதிப்பெண் பெற்றதால் கவலையில்லை என்று செவிலியர் சொன்னதாகவும், ஆனால் பத்தாவது கேள்விக்கு ‘எப்போதாவது’ என்று அவர் குறித்திருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அக்கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத் தவிர வேறு எந்த விடை வந்தாலும், 30-க்கு மொத்தம் எவ்வளவு என்று பாராமல், அன்றைக்கே மருத்துவர் அவரிடம் பேசியாக வேண்டும். ஆகவே இன்றே அழைத்துச் செல்லுங்கள். அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள்.

1987-இல் வெளியான இவ்வினாத்தாள் கடந்த 7 நாள் மனநிலையை மட்டுமே கேட்கிறது. மனச்சோர்வு நோயை அது உறுதிசெய்வதில்லை. மாமியார் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போதே ‘எப்போதாவது’ என்ற கட்டத்தில் குறியிட்டார் என்றால், 9 என்பதே குறைத்துச் சொன்ன எண்ணாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மறுமுறை தனியறையில் நிரப்பட்டும். தைராய்டுக் கோளாறும் இதே போன்ற சோர்வைத் தரக்கூடும் என்பதால், அதற்கான பரிசோதனையையும் கேட்டுப் பாருங்கள்.