முதல் கார்டு போட்டிக்கு மலை இறங்குகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கோவையில் நடக்கும் போகிமான் கார்டு போட்டிக்கு முதன்முறையாகப் போகிறவர்கள் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் கேள்வி அனுப்பியிருந்தார்கள். நான் குன்னூர்க்காரி. ஆறு வருடமாக மலை இறங்கிப் போய் விளையாடிவிட்டு வருகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா: பையனுக்குப் பதினோரு வயது. போட்டிக்குப் போயே தீருவேன் என்கிறான். சீட்டு என்றாலே என் மாமியாருக்கு ஆகாது. இது சூதாட்டமா?

இல்லைங்க. யாரும் பணம் வைத்து ஆடுவதில்லை. நுழைவுக் கட்டணம் உண்டு, ஜெயித்தால் பெரும்பாலும் கார்டு பாக்கெட் தருவார்கள். ஆளுக்கு 60 கார்டு உள்ள டெக். ஏழு கார்டு கையில் எடுத்துக்கொண்டு, ஆறு கார்டைக் கவிழ்த்து ஓரமாகப் பரிசு என்று வைப்போம். எதிராளியின் போகிமானை வீழ்த்தும்போது அதிலிருந்து எடுக்கலாம். ஆறையும் எடுத்து முடித்தால் வெற்றி. போகிமான் வாங்கும் அடியைப் பத்து பத்தாகக் கூட்டிக் கழிப்பதிலேயே பிள்ளைகளுக்கு மனக்கணக்கு வந்துவிடும். மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ஆட்டம் ஆடிக் காட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. அரிய கார்டு வரும் என்று பாக்கெட் மேல் பாக்கெட்டாகப் பிரிக்கிற ஆசை இருக்கிறதே, லாட்டரிச் சீட்டு வாடை அடிப்பது அங்கேதான். போட்டிக்குத் தேவையான கார்டைத் தனியாக விலைக்கு வாங்கினால் செலவும் குறைவு, ஏமாற்றமும் இல்லை.

குன்னூர், கல்லூரி மாணவர்: அக்கா, முதல் போட்டிக்கு எந்த டெக்? பெரிய போட்டியில் ஜெயித்த டெக்கின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம் தம்பி, ஆனால் போட்டிக்கு முந்தின வாரம் எடுக்காதே. உனக்குக் கை பழகிய டெக்தான் உனக்கு நல்ல டெக். கடையில் 60 கார்டும் அடுக்கியே விற்கும் ‘லீக் பேட்டில் டெக்’ ஒன்றை வாங்கி, முப்பது நாற்பது ஆட்டம் ஆடிவிட்டுப் போகிறவர்கள், நேற்று கடன் வாங்கிய விலை உயர்ந்த டெக்கோடு வருகிறவர்களைத் தோற்கடிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

நீயே டெக்கில் கை வைப்பதாக இருந்தால் இரண்டு கணக்கு தெரிந்திருக்கட்டும். முதல் ஏழு கார்டில் ஒரு அடிப்படைப் போகிமானாவது, அதாவது நேராக மேசையில் இறக்கக்கூடிய போகிமானாவது, வராவிட்டால் கையைக் காட்டிவிட்டு மறுபடி கலைக்க வேண்டும்; எதிராளிக்குக் கூடுதலாக ஒரு கார்டு எடுக்கும் உரிமை கிடைக்கும். டெக்கில் எட்டு அடிப்படைப் போகிமான் இருந்தால் இப்படி ஆவதற்கு 35 சதவீதம் வாய்ப்பு. பன்னிரண்டு இருந்தால் 19 சதவீதம்தான். அடுத்தது, ஒரே ஒரு பிரதி வைத்திருக்கும் கார்டு. 60-ல் ஆறு கார்டு பரிசாகப் போய்விடுவதால், பத்தில் ஒரு ஆட்டத்தில் அது அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கும். அது இல்லாமல் ஆட்டமே நகராது என்றால் இரண்டாவது பிரதியைச் சேர்த்துவிடு. ஒரே பெயரில் நான்கு வரை வைக்கலாம், போகிமான் தாக்குவதற்குச் சக்தி தரும் அடிப்படை எனர்ஜி கார்டுக்கு மட்டும் அந்த வரம்பு கிடையாது.

ஊட்டியிலிருந்து: பளபளப்பான கார்டுகள் எல்லாம் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன. இதற்கெல்லாமா நடுவர் பேசுவார்?

பேசுவார். நம் மலைக்காரர்களுக்கென்றே உள்ள தொல்லை இது. பளபளப்பான கார்டில் காகிதத்தின் மேல் மெல்லிய ஃபாயில் படலம் இருக்கும். பனிமூட்ட நாளில் காகிதம் ஈரத்தை இழுத்துக்கொண்டு விரியும், ஃபாயில் விரியாது. அதனால்தான் வளைகிறது.

என் முதல் போட்டியில் இரண்டாவது சுற்று. நான் கலைத்து வைத்த டெக்கை எதிரே இருந்தவர் வெட்டினார். நான்கு கார்டு வளைந்திருந்ததால் அந்த இடத்தில் மயிரிழை இடைவெளி. அவர் விரல் தானாக அங்கேயே போய் நின்றது. இன்னொரு தடவை வெட்டினார், மறுபடியும் அதே இடம். “இது எனக்கே தெரிகிறதுங்க, நடுவரைக் கூப்பிடலாமா?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். நடுவர் வந்து டெக்கை மேசையில் படுக்கவைத்து, குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். எந்தக் கார்டு எங்கே என்று பின்பக்கத்திலிருந்தே தெரிந்தால் அது அடையாளமிட்ட கார்டுதான், வேண்டுமென்று செய்யாவிட்டாலும். அந்த நான்கையும் மாற்றச் சொன்னார். என்னிடம் மாற்று இல்லை. பக்கத்து மேசையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அண்ணன் தன் பெட்டியைத் திறந்து, அதே கார்டு சாதாரண அச்சில் நான்கு எடுத்துக் கொடுத்தார். அன்று மாலை திருப்பிக் கொடுக்கும்போது அவர் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. இன்னும் மனதில் உறுத்துகிறது.

அதனால் போட்டி டெக்கில் முடிந்தவரை சாதாரண அச்சையே வையுங்கள். மூடி இறுக்கமான டப்பாவில், மாத்திரை புட்டியில் வருமே அந்தச் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போட்டு வைத்தால் வளைவு குறையும். அடுப்புப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். 60 கார்டுக்கும் ஒரே நிறத்தில், பின்பக்கம் தெரியாத புது உறை போடுங்கள். கிழிந்தால் மாற்ற அதே பாக்கெட்டிலிருந்து நாலைந்து உறை கையில் இருக்கட்டும்.

கொடைக்கானலிலிருந்து: ஏரிப் பக்கம் கடையில் தங்க நிறக் கார்டு ஒரு பாக்கெட் வாங்கினேன். போட்டிக்கு ஆகுமா?

ஆகாது. அது போலி. கார்டு முழுக்கத் தங்கமாக மின்னும், எழுத்து மங்கியிருக்கும். அசல் கார்டின் விளிம்பை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் நடுவில் கறுப்பாக மெல்லிய கோடு தெரியும். அசலாகவே இருந்தாலும் இன்னொன்று பார்க்க வேண்டும்: கார்டின் கீழ் இடது மூலையில் பொடியாக ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். ஸ்டாண்டர்டு வகைப் போட்டியில் எந்தெந்த எழுத்து செல்லும் என்று அறிவிப்பார்கள், பழைய எழுத்துகள் காலப்போக்கில் வெளியேறிவிடும். அடிப்படை எனர்ஜிக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை.

கூடலூரிலிருந்து: போனில் ‘போகிமான் டிசிஜி பாக்கெட்’ என்ற செயலி விளையாட்டில் நன்றாக ஆடுவேன். அது போதுமா?

அது வேறு ஆட்டம். அதில் டெக்குக்கு 20 கார்டுதான், மூன்று புள்ளியில் முடிந்துவிடும். ‘டிசிஜி லைவ்’ செயலியை இறக்குங்கள், இலவசம், 60 கார்டு ஆட்டம் அப்படியே இருக்கிறது. ஆனால் செயலி உங்களுக்காகக் கலைக்கிறது, அடியைக் கணக்கு வைக்கிறது, பரிசை அடுக்குகிறது. மேசையில் இத்தனையும் உங்கள் வேலை. தம்பி தங்கையை எதிரே உட்காரவைத்துக் கையால் பத்து ஆட்டமாவது ஆடுங்கள்.

குன்னூர், எஸ்டேட் குடியிருப்பிலிருந்து: எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது. கார்டில் இருப்பதை எதிராளி தப்பாகச் சொன்னால் என்ன செய்வது? முதல் சுற்றிலேயே தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?

அனுப்பமாட்டார்கள். ‘சுவிஸ்’ முறை என்பார்கள்: எல்லாரும் எல்லாச் சுற்றும் ஆடலாம். ஜெயித்தால் 3 புள்ளி, சமன் என்றால் 1. ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்களைச் சேர்த்துவிடுவார்கள், அதனால் தோற்றவருக்கு அடுத்து வருவது பெரும்பாலும் இன்னொரு புதியவர்தான்.

மொழியை நினைத்துத் தயங்க வேண்டாம். கோவை மேசைகளில் தமிழில்தான் பேசிக்கொள்கிறோம். எதிராளியின் எந்தக் கார்டையும், மேசையில் இருக்கும்போது, “கொஞ்சம் படித்துப் பார்க்கலாமா?” என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஆட்டத்தை நிறுத்தி, கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிடுங்கள். இது சண்டை போடுவது ஆகாது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். அடுத்த கார்டைப் போடுவதற்கு முன்பே கூப்பிடுங்கள்; நாலு டர்ன் தள்ளிச் சொன்னால் பழைய நிலைக்குக் கொண்டுபோவது கஷ்டம். செய்வதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: “எனர்ஜி போட்டாச்சு, அட்டாக், 120, உங்களுக்கு மீதி 60.” இதற்கு எந்த இங்கிலீஷும் வேண்டாம்.

ஊட்டியிலிருந்து இன்னொருவர்: காலையில் கிளம்பினால் போதுமா?

போட்டி பத்து மணிக்கு என்றால் பதிவு அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். டெக் பட்டியல் கேட்டால் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை முந்தின இரவே வீட்டில் எழுதி, 60 வருகிறதா என்று இரண்டு தடவை கூட்டிப் பாருங்கள். மழைக்காலத்தில் குன்னூர்–மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மரம் விழுந்தால் அவ்வளவுதான், பாதை எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ சொந்தக்காரர் இருந்தால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். இல்லையென்றால் முதல் பேருந்து. கையோடு தண்ணீர், கொஞ்சம் வர்க்கி. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் சாப்பிடப் பத்து நிமிடம் கிடைத்தாலே அதிகம்.